பிரசவத் தையலில் சிக்கிய பஞ்சு! கெட்ட வாடை வந்தால் மறைக்காதீங்க!

சூலூர்,-

குழந்தை பிறந்தாச்சு. தையலும் போட்டாச்சு. வீடு வந்து பத்து நாளில் கெட்ட வாடை, காய்ச்சல், அடிவயிற்றில் வலி! "தையல் போட்டா அப்படித்தான் இருக்கும் அம்மணி" என்று பெரியவர்கள் சொல்ல, வாயை மூடிக் கொள்கிறார்கள் பெண்கள்.

அந்த வாடைக்குக் காரணம், உள்ளே மறந்து விட்ட பஞ்சாகவும் இருக்கலாம்!

எப்படி நடக்கிறது?

பிறப்புறுப்புக் கிழிசலைத் தைக்கும்போது ரத்தம் மறைக்காமல் இருக்க உள்ளே பஞ்சு, காஸ் துணி வைப்பார்கள். தையல் முடிந்ததும் எடுக்க வேண்டும். ரத்தத்தில் ஊறிய துணி சதையோடு சதையாகத் தெரியும். அவசரத்திலோ, ஷிப்டு மாறும்போதோ எண்ணிக்கை தவறினால் போச்சு!

36 ஆயிரம் ரூபாய்

1963 ஜூலை 10. மராட்டிய மாநிலம் அவுரங்காபாத் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. 13-ந் தேதி கருத்தடை ஆபரேஷன். பிறகு கடும் காய்ச்சல், வயிற்று வலி. மறுபடி வயிற்றைத் திறந்தால் உள்ளே துணி! சீழ் பிடித்து 24-ந் தேதி அந்தத் தாய் பரிதாபமாக இறந்தாள்.

கணவர் கோர்ட்டுக்குப் போனார். 1996-ல்தான் சுப்ரீம் கோர்ட்டு, அரசே பொறுப்பு என்று சொல்லி 36 ஆயிரம் ரூபாய் நஷ்டஈட்டை உறுதி செய்தது. 33 வருஷம்!

பக்கத்துக் கோழிக்கோட்டில் 2017-ல் சிசேரியன் செய்து கொண்ட பெண்ணின் வயிற்றில் இருந்து, 2022-ல் கத்தரிக்கோல் போன்ற இடுக்கியை எடுத்தார்கள். 2 டாக்டர்கள், 2 நர்சுகள் மீது போலீசார் வழக்குப் போட்டனர்.

என்ன செய்யணும்?

வாடை, காய்ச்சல், உள்ளே ஏதோ அடைத்த மாதிரி உணர்வு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நீங்களே இழுக்க வேண்டாம். பிய்ந்து மிச்சம் தங்கி விடும். பெரும்பாலும் டாக்டர் சோதித்துப் பார்த்து எளிதாக எடுத்து விடுவார். கிருமி பரவி இருந்தால் மருந்து தருவார். தாய்ப்பால் கொடுப்பதைச் சொல்லி மருந்து வாங்குங்க. குளிர் காய்ச்சல், மயக்கம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்க.

எடுத்தது என்ன என்று எழுதி வாங்குங்க. டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்க. பணம் கட்டிய ஆஸ்பத்திரி என்றால் 2 வருஷத்துக்குள் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி அந்தச் சட்டத்தில் வராது. சிவில் கோர்ட்டுக்குப் போகலாம்.

போர்டில் எழுதுங்க!

தையலுக்கு முன்னும் பின்னும் இரண்டு பேர் சத்தமாக எண்ணி போர்டில் எழுதினால் தீர்ந்தது. எக்ஸ்ரேயில் தெரியும் நூல் வைத்த துணியும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் தந்த ஆபரேஷன் பட்டியலிலேயே எண்ணிக்கை உண்டு. தியேட்டரில் எண்ணுகிறவர்கள் பிரசவ அறையிலும் எண்ண வேண்டாமா?

வீட்டுக்குக் கிளம்பும் முன் நீங்களும் கேளுங்க: "வெச்ச பஞ்செல்லாம் எடுத்தாச்சுங்களா?" இதில் வெட்கம் என்ன?