மூக்குக் குழாய் உணவு எப்போது?

எங்கள் கற்றல் மையத்துக்கு ஓர் அக்கா வருகிறார். அவருடைய கணவர் ஆபத்தான நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நினைவு இல்லை. மூச்சு விட இயந்திரம் வைத்திருந்தார்கள். "மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு தரப் போகிறோம்" என்று மறுநாள் நர்ஸ் சொன்னார்.

அக்கா பயந்துவிட்டார். "குழாய் போட்டால் ஆள் பிழைக்க மாட்டாராமே, தம்பி?" என்று என்னிடம் கேட்டார்.

அது தவறான எண்ணம். நோயாளிக்குச் சாப்பிட முடியவில்லை. அதனால்தான் குழாய் போடுகிறார்கள்.

உணவு இல்லாவிட்டால் என்ன ஆகும்? உடல் தன் சதையையே கரைக்கும். மூச்சு விட உதவும் தசையும் மெலியும். வேலை இல்லாமல் குடலும் பலவீனமாகும்.

"பாட்டில் ஏறுகிறதே, போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் 25 கிராம் குளுக்கோஸ்தான் உண்டு. இரண்டு சிறிய இட்லி அளவு சக்திதான் கிடைக்கும். புரதம் துளியும் இல்லை.

அப்படியானால் எப்போது தொடங்க வேண்டும்? தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. முதலில் கொஞ்சம் கொடுப்பார்கள். பிறகு சில நாட்களில் மெல்லக் கூட்டுவார்கள்.

சிலருக்குக் காத்திருக்க வேண்டும். ரத்த அழுத்தம் மிகவும் குறைந்து, மருந்து கொடுத்தும் நிலைக்கு வராதபோது குடலுக்குப் போதிய ரத்தம் போகாது. அப்போது உணவு கொடுத்தால் குடல் கெடலாம். குடல் அடைப்பு, வயிற்றில் கடுமையான ரத்தக்கசிவு இருந்தாலும் டாக்டர் தள்ளிப் போடுவார்.

உறவினர் கவனிக்க வேண்டியவை:

1. நினைவில்லாதவர் வாயில் கஞ்சியோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். உயிருக்கே ஆபத்து.
2. தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலைத் தாழ்த்தாதீர்கள்.
3. குழாயைத் தொடாதீர்கள். அது நகர்ந்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.
4. "உணவு எப்போது தொடங்கும்? தாமதம் ஏன்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அன்று மாலை அக்கா தூக்குவாளியில் கஞ்சி கொண்டு போனார். கணவரின் கட்டிலில் ஓர் அட்டை தொங்கியது. அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். "வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது."

அவர் தூக்குவாளியைத் திறக்கவில்லை. நர்ஸிடம் போய், "குழாயில் எப்போது உணவு தருவீர்கள், அம்மா?" என்று கேட்டார்.

சிந்திப்போம்: அக்காவுக்குப் படிக்கத் தெரியாமல் இருந்தால் என்ன நடந்திருக்கும்?