மனக்கவலைக்குக் குளுக்கோஸ் ஏற்றாதீர்கள்

முற்றிய பிறகே வருகிறார்கள்

டி. கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் மானாவாரிக் கரிசல். 2018-ல் தமிழகத்துக்குள் நுழைந்த படைப்புழு மக்காச்சோளக் குருத்தைத் தின்றபோது மட்டுமல்ல, மழை ஏய்க்கும் எந்த வருஷத்திலும் போட்ட முதல் திரும்பாது. நொடித்தவர்கள் 'மனசு சரியில்லை' என்று சொல்வதில்லை. நெஞ்சு பாரம், கைகால் குடைச்சல், தூக்கமில்லை என்பார்கள். அதுவும் மெடிக்கலில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை, இரண்டு பாட்டில் குளுக்கோஸ், மந்திரித்த கயிறு, ராத்திரிக்கு ஒரு குவார்ட்டர் எல்லாம் முடிந்த பிறகு. குடி அசத்திப் போடும். பின்னிரவில் எழுப்பிவிட்டுக் கவலையைக் கூட்டும். சீட்டில்லாமல் பழகிய தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. யார் கேட்கிறார்கள்?

'கஷ்டப்பட்டால்தான் பக்குவம்'

பாதி உண்மை. துக்கம் நோயல்ல, வெள்ளாமை போனவர் கலங்கத்தான் செய்வார். அடிபட்டவருக்கே அடுத்தவர் வலி புரியும் என்பதும் சரிதான். ஆனால் பக்குவம் வர நாளாகும். அதுவரை ஆள் இருக்க வேண்டும். இலங்கையில் 1995-ல் லட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை, 2005-ல் 24 ஆனது. போர், சுனாமி என்று துன்பத்துக்கு அங்கே குறைவில்லை. 1995-லும் 1998-லும் கொடிய பூச்சிமருந்துகளுக்கு வந்த தடையே முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். சாகத் தோன்றும் வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணியும். அதைக் கடந்தவர்களில் மிகப் பலர் பிழைத்து வாழ்கிறார்கள். பக்குவமெல்லாம் அப்புறம்.

'மாத்திரை மழை கொண்டுவருமா?'

வராது, கடனும் அடையாது. ஆனால் தூங்காமல், சாப்பிடாமல், எதிலும் பிடிப்பில்லாமல் கிடப்பவர் பயிர்க் காப்பீட்டுக்கு எப்படி அலைவார், வட்டிக்காரரிடம் எப்படித் தவணை பேசுவார்? அந்தத் தெம்பை மீட்பதுதான் வைத்தியம். 'அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது' என்பவர்கள், அந்தக் காலத்தில் ஊரைவிட்டே காணாமல் போனவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சோர்வுக்கு உடம்பிலும் காரணம் இருக்கலாம் என்பதால் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

தயவுசெய்து

இரண்டு வாரம் தாண்டியும் சோர்வு விடாவிட்டால் அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். 'நான் போய்ச் சேர்ந்தால் நல்லது' என்று ஒருவர் சொல்லிவிட்டால் வாரக்கணக்கு வேண்டாம், அன்றைக்கே அழைத்து வாருங்கள். சொல்கிறவன் செய்யமாட்டான் என்பது பொய். சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், 104-லும் பேசலாம். பூச்சிமருந்து வீட்டில் வேண்டவே வேண்டாம். தோட்டத்தில் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், டாக்டரைப் பார்க்கும்வரை சாகத் தோன்றுகிறவரைத் தனியே விடாதீர்கள்.