எஞ்சின் இல்லாத ரயில்

எங்கள் நாட்டில் ரயில் என்றால் முன்னால் ஓர் எஞ்சின், பின்னால் அது இழுத்துச் செல்லும் பெட்டிகள். யாழ்தேவியில் கொழும்புக்குப் போய்வந்தவர்களுக்கு வேறுவிதமான ரயில் நினைவில் இல்லை. ஆனால் தென் இலண்டனில், விம்பிள்டன், நியூ மோல்டன், குறொய்டன் பக்கங்களில் குடியேறியிருக்கும் எம்மவர் நாளாந்தம் ஏறும் ரயிலில் எஞ்சினைக் காணமுடியாது. இந்த அமைப்பு இங்கு நூறு வருடங்களுக்கும் மேல் பழையது.

வோட்டர்லூவில் இருந்து ஈஸ்ற் பட்னி வழியாக விம்பிள்டனுக்கு 1915 ஒக்ரோபர் 25இல் மின்ரயில் ஓடத் தொடங்கியது. அந்நாளில் வீதியில் ஓடிய ட்ராம் வண்டிகள் ரயில் கம்பெனிகளின் பயணிகளைப் பறித்துக்கொண்டிருந்தன. நீராவி எஞ்சினால் அவற்றோடு போட்டி போட முடியவில்லை. எனவே ஓடும் தண்டவாளங்களின் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தண்டவாளத்தைப் போட்டு, அதில் 600 வோல்ற் நேரோட்ட மின்சாரத்தைச் செலுத்தினார்கள். நீராவி எஞ்சின் இழுத்த பழைய பெட்டிகளையே மாற்றியமைத்து, மூன்று பெட்டிகள் கொண்ட 84 தொகுதிகளைச் செய்தார்கள். 1923இல் உருவான சதர்ன் ரயில்வே, முகாமையாளர் சேர் ஹேர்பேட் வாக்கரின் காலத்தில் இதே முறையைத் தென் இலண்டன் எங்கும் பரப்பியது. 1933இல் அது பிறைட்டன் வரை போய்விட்டது.

இந்த வண்டிகளின் அடிப்படை ‘தொகுதி’. பின்னாளில் வழக்கத்துக்கு வந்த ‘4-சப்’ என்ற வண்டியில் நான்கு பெட்டிகள். இரு முனைகளிலும் மோட்டர் பெட்டிகள், நடுவில் மோட்டர் இல்லாத இரண்டு பெட்டிகள். அதன் பின் 1951இல் வந்த ‘4-ஈபிபி’யும் அப்படித்தான். ஒரு மோட்டர் 250 குதிரைவலு; முனைக்கு இரண்டாக நான்கு மோட்டர், மொத்தம் 1000 குதிரைவலு. காலை நெரிசலுக்கு இரண்டு தொகுதிகளைக் கொழுவினால் எட்டுப் பெட்டி, 2000 குதிரைவலு. எஞ்சின் இழுக்கும் ரயிலில் பெட்டி கூடினால் இழுவை குறையும். இங்கு பெட்டியோடு வலுவும் சேர்ந்தே கூடும். கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மாற்றும் வேலையும் இல்லை. சாரதி மறுமுனைக்கு நடந்துபோய் அமர்ந்தால் வண்டி திரும்பப் புறப்பட்டுவிடும்.

4-ஈபிபியின் உச்ச வேகம் மணிக்கு 75 மைல். ஆனால் ஒரு மைலுக்கு ஒரு நிலையம் உள்ள பாதையில் உச்ச வேகத்தால் பயன் குறைவு. விரைவாகப் புறப்படுவதும் விரைவாக நிற்பதுமே முக்கியம். புறப்படும்போது மோட்டர்கள் தொடராக இணைந்திருக்கும், நடுவில் மின்தடைகளும் இருக்கும். இல்லாவிட்டால் மின்னோட்டம் அளவு மீறி மோட்டரைக் கெடுத்துவிடும். வேகம் ஏற ஏறத் தடைகள் படிப்படியாக விலகும், பின்னர் மோட்டர்கள் சமாந்தர இணைப்புக்கு மாறும். ‘ஈபிபி’ என்ற பெயரே அதன் பிறேக்கைக் குறிப்பது. காற்றால் மட்டும் இயங்கும் பிறேக் முன்பெட்டியில் பிடித்து, சற்றுப் பிந்தியே பின்பெட்டியில் பிடிக்கும். இதில் மின்சாரம் கட்டளையைக் கொண்டுபோவதால் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் பிடிக்கும்.

நிலையத்தில் நேரத்தை மிச்சப்படுத்தியவை கதவுகள். ஒவ்வொரு இருக்கை வரிசைக்கும் இருபுறமும் கதவு இருந்ததால் நூற்றுக்கணக்கானோர் சில விநாடிகளில் இறங்கிவிடுவார்கள். ஆனால் அவை கையால் திறந்து அறைந்து சாத்தும் கதவுகள். அவற்றைப் பூட்டி வைக்கக் கார்டிடம் வழி இல்லை. வண்டி நிற்குமுன்பே கதவைத் திறந்து குதிப்பது வழக்கமாகிவிட்டது, விழுந்தவர்களும் இருந்தார்கள். நடைபாதை இல்லாத தனியறைப் பெட்டிகளில் வேறோர் ஆபத்து இருந்தது. 1988 மார்ச்சில் அப்படியொரு அறையில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 12இல் கிளப்பம் விபத்தில் 35 பேர் இறந்தார்கள். சிக்னல் வயரில் இருந்த பிழையே காரணமென்றாலும், பழைய பெட்டிகளின் உடல் மோதலைத் தாங்காது என்பதும் தெரிந்தது. 4-ஈபிபி 1995இல் ஓய்ந்தது. 1999இல் வந்த சட்டவிதிகளின்படி மற்றக் கையால் சாத்தும் கதவு வண்டிகளும் 2005க்குள் முக்கிய பாதைகளை விட்டு நீங்கின. லிமிங்ரன் கிளைப்பாதையில் மட்டும் 2010 வரை ஓடின.

வண்டிகள் போய்விட்டன, மூன்றாவது தண்டவாளம் போகவில்லை. இன்று அதில் ஓடுவது 750 வோல்ற். இரவில் ரயில் ஓடாத நேரத்திலும் அதில் மின்சாரம் இருக்கும் என்றே கொள்ள வேண்டும். இலங்கையில் மின்ரயில் இல்லை. ஊரில் தண்டவாளத்தைக் குறுக்கு வழியாகப் பாவித்துப் பழகியவர்கள் நாம். இங்கு அந்தப் பழக்கம் உயிரைக் கொண்டுபோகும். பந்தோ தொலைபேசியோ பாதையில் விழுந்தால் இறங்கக்கூடாது, நிலைய ஊழியரிடம்தான் சொல்ல வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கும், புதிதாக வந்திறங்கும் உறவினருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிவையுங்கள்.