பல் போனபின் எலும்பும் போகுமா?

‘பல் போனால் சொல் போகும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. பல்லோடு போவது சொல் மட்டுமன்று; பல்லைத் தாங்கி நின்ற எலும்பும் அதன்பின்னே போகிறது என்பதைப் பலர் அறியார். பங்கிலே நோயாளிகளைக் காண வீடுகளுக்குச் செல்லும்போது, கட்டிலருகே ஒரு தம்ளர் நீரில் பல் செட்டு கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். “ஏன் பாட்டி, போட்டுக்கொள்வதில்லையா?” என்று கேட்டால், “நிக்க மாட்டேங்குது சாமி” என்பதே மறுமொழி. செட்டைச் செய்தவர்மீது பழி போடுவது எளிது. ஆனால் செட்டு அமர வேண்டிய ஈற்று மேடே கரைந்துவிட்டது என்பதுதான் பெரும்பாலும் உண்மை. கஞ்சியும் குழைந்த சோறுமாகவே அவர்களுடைய கடைசி ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

உடலின் எலும்புகளுள் பற்குழிகளைச் சூழ்ந்த தாடை விளிம்பு ஒரு தனி வகை. அது பல்லுக்காகவே உண்டாகிறது. பல் உள்ளவரை வாழ்கிறது. பல் போனதும் தேய்கிறது. பல்லின் வேர் எலும்பிலே ஆணிபோல் அறையப்பட்டிருப்பதாக நாம் எண்ணுகிறோம். அப்படியன்று. நுண்ணிய நார்கள் அதை எலும்போடு கட்டித் தொங்கவிட்டிருக்கின்றன. நாம் மெல்லும்போதெல்லாம் அந்நார்கள் எலும்பை இழுத்து, அதற்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. பல்லைப் பிடுங்கியதும் அந்த இழுப்பு நின்றுவிடுகிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கடைவாய்ப் பல்லையோ அதற்கு முந்திய பல்லையோ எடுத்த 12 மாதங்களில் அவ்விடத்து மேட்டின் அகலம் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. அவ்விழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதங்களுக்குள் நேர்கிறது. மேல் முன்பற்களின் வெளிச்சுவரோ பலருக்கு 1 மில்லிமீட்டர் கனம்கூட இல்லாதது. அது மறைந்தால் உதடு உள்வாங்கி, முகம் வயதுக்கு மீறி மூத்துத் தோன்றும்.

இழந்த பல்லுக்குப் பதிலாகச் செயற்கை வேரைத் தாடையில் பதிக்கும் முறை இன்று நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது. சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிரோனமார்க் முயலின் கால் எலும்பில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, டைட்டேனியம் என்னும் உலோகத்தை எலும்பு ஒதுக்காமல் இறுகத் தழுவிக்கொள்வதைக் கண்டார். 1965இல் முதன்முறையாக ஒரு மனிதரின் தாடையில் அவ்வுலோகத் திருகுகளைப் பதித்தார். அம்மனிதர் 2006இல் இறக்கும்வரை அவை பயன்பட்டன. ஆனால் திருகைப் பதிக்கப் போதிய எலும்பு வேண்டுமே! தேய்ந்த தாடையில் அதற்கு இடமில்லை. எலும்பு ஒட்டு என்னும் சிகிச்சைக்கு இத்தனை மதிப்பு ஏற்பட்டது இதனாலேதான்.

ஒட்டு என்றதும் ஒட்டு மாங்கன்று நினைவுக்கு வரும். அதிலே ஒட்டிய கிளையே தழைத்துக் காய்க்கிறது. எலும்பு ஒட்டு பெரும்பாலும் அவ்வாறன்று. வைக்கப்படும் தூள் அவரைக்கொடிக்குப் போடும் பந்தலைப் போன்றது. கொடி நோயாளியின் சொந்த எலும்பிலிருந்தே படர்ந்து வரவேண்டும். இரத்தக் குழாய்கள் முதலில் நுழைய, எலும்பு கட்டும் உயிரணுக்கள் பின்னே வந்து, பந்தலைப் பற்றிக்கொண்டு புது எலும்பை மெல்ல மெல்ல அமைக்கின்றன. நோயாளியின் முகவாயிலிருந்தோ, கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்புறத்திலிருந்தோ, நிறையத் தேவைப்பட்டால் இடுப்பிலிருந்தோ எடுக்கும் சொந்த எலும்பில் மட்டும் உயிருள்ள அணுக்களும் உண்டு. ஆதலால் அதுவே சிறந்தது எனப் பலர் கருதுவர். அதற்கு விலை, உடலில் இரண்டாவதாக ஒரு புண்.

அப்புண்ணைத் தவிர்க்கவே வேறு பொருள்களைத் தேடினர். இறந்தோர் தானமாக அளித்த எலும்பைத் தூய்மைப்படுத்திப் பயன்படுத்துவது ஒன்று. மாட்டெலும்பிலிருந்து உயிர்ப்பொருளையெல்லாம் நீக்கி, கனிமத்தை மட்டும் வைத்துக்கொள்வது மற்றொன்று. சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் சேர்ந்த செயற்கைத் தூள்களும் உள்ளன. விலங்கின் எலும்பு என்றதும் முகம் சுளிப்பது இன்று நேற்றல்ல. டச்சு மருத்துவர் வான் மீக்கரன் எழுதி 1668இல் வெளிவந்த நூலில் தாம் கேள்வியுற்ற ஒரு செய்தியைக் குறித்திருக்கிறார். ரஷ்யப் பிரபு ஒருவரின் உடைந்த மண்டையோட்டை நாயின் எலும்பால் அடைத்தனராம். அவ்வூர்த் திருச்சபையார் அவரை விலக்கிவைக்க, அவர் ஒட்டை எடுத்துவிடும்படி வேண்டினாராம். அதற்குள் அது நன்றாகப் பொருந்திவிட்டதால் எடுக்க இயலவில்லையாம்! நம் திருச்சபையைப் பொறுத்தவரை, இறந்தோரின் கண்விழிப்படலத்தைப் பிறருக்குப் பொருத்துவது தவறன்று என்று திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1956இலேயே தெளிவுபடுத்தினார். எனவே தானமாக வந்த எலும்பைப் பற்றி நம்மவர் மனச்சான்று கலங்க வேண்டியதில்லை. எனினும் மாட்டெலும்பை ஏற்க மனமில்லாத இந்து அன்பர்களும், பன்றியிலிருந்து செய்த சவ்வைத் தொடவும் விரும்பாத இஸ்லாமிய அன்பர்களும் நம் அண்டைவீடுகளில் உள்ளனர். வைக்கப்போகும் பொருள் எதிலிருந்து வந்தது என்பதை முன்கூட்டிச் சொல்லாமல் வைப்பது, எத்துணைத் திறமையான கைகள் செய்தாலும், எனக்கு முறையாகத் தோன்றவில்லை.

சவ்வு என்றேன், அதன் கதைதான் இம்மருத்துவத்தில் மிகச் சுவையானது. ஈறு நோயால் வேரைச் சுற்றி எலும்பு குறைந்து பல் ஆடும்போது, காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் புண் ஆறுகிறது. ஆனால் இழந்த எலும்பும் நாரும் முன்போல் திரும்புவதில்லை. ஏன்? ஆறும் புண்ணில் ஓர் ஓட்டப்பந்தயம் நடக்கிறது. ஈற்றின் மேல்தோல் அணுக்கள் விரைந்து ஓடிவந்து, வேரின் மேற்பரப்பை மூடிவிடுகின்றன. நாரையும் எலும்பையும் கட்டவேண்டிய அணுக்கள் மெல்ல நடந்து வந்து சேர்வதற்குள் இடம் பறிபோய்விடுகிறது. வேரை முதலில் வந்தடையும் அணு எதுவோ, அதுவே புண் ஆறும் வகையை நிர்ணயிக்கிறது என்ற கருத்தை 1976இல் மெல்ச்சர் என்னும் அறிஞர் வெளியிட்டார். அப்படியானால் வேகமாக ஓடுவோரைத் தடுத்து நிறுத்தினால் என்ன? நீமன், லிண்டே, காரிங் ஆகிய ஸ்காண்டிநேவிய மருத்துவர்களும் அவர்தம் துணைவரும் சோதனைச்சாலை வடிகட்டித் தாள் ஒன்றை ஈற்றுக்கும் வேருக்கும் இடையே வேலிபோல் வைத்துத் தைத்தனர். நோயுற்ற மனிதப் பல்லொன்றில் அவ்வேலிக்குப் பின்னே புதிய நார்ப்பிணைப்பு உண்டாகியிருந்ததை 1982இல் அறிவித்தனர். இன்று வடிகட்டித் தாளுக்குப் பதிலாக, சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே கரைந்துபோகும் கொல்லாஜன் சவ்வுகள் உள்ளன. நோயாளியின் இரத்தத்தையே சுழற்றிப் பிரித்தெடுக்கும் நார்க்கட்டியை வைக்கும் முறையும் பிரான்சிலிருந்து 2001இல் வந்தது.

இம்முறை எல்லா ஆடும் பற்களையும் காப்பாற்றும் என்று எண்ணிவிடக் கூடாது. எலும்புக் குறை கிணற்றைப் போலச் சுற்றுச் சுவருடன் குறுகி ஆழ்ந்திருந்தால் பலன் நன்று. வாய் முழுவதும் எலும்பு ஏரிமட்டம்போல் ஒரே சீராக இறங்கியிருந்தால், எந்தத் தூளும் எந்தச் சவ்வும் அதைப் பழைய மட்டத்துக்கு உயர்த்துவதில்லை. அதுபோலவே, பிடுங்கும் ஒவ்வொரு பல்லின் குழியையும் தூளிட்டு நிரப்பத்தான் வேண்டும் என்பதுமில்லை. அவ்விடத்தில் பிற்காலத்தில் செயற்கை வேர் வைக்க எண்ணமுண்டா, வெளிச்சுவர் மெல்லியதா, முன்பல்லா என்பனவற்றைப் பொறுத்தது அது. வசதி குறைந்த ஒரு குடும்பம் கடன் வாங்கி, தேவையற்ற ஓர் ஒட்டை வைத்துக்கொள்வதும் துன்பமே. வைத்திருக்க வேண்டியதை அறியாமல் விட்டு, ஐந்தாண்டுகள் கழித்து இடுப்பெலும்பை வெட்டி எடுக்கும் நிலைக்கு வருவதும் துன்பமே. பல் வலியில் துடிக்கும்போது யாருக்கும் கேள்வி கேட்கத் தோன்றாது. ஆயினும் பல்லை எடுப்பதற்கு முன் அந்த ஐந்து நிமிடங்களில், “இந்த இடத்தில் பிறகு என்ன செய்யப்போகிறோம்?” என்று மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது. எடுத்த மூன்று மாதத்திற்குப் பின் கேட்டால், பாதிப் பதில் ஏற்கெனவே போயிருக்கும்.

மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவையும் சில உண்டு. சர்க்கரை நோய் கட்டுக்கு அடங்காதிருந்தால் புண் ஆறுவது தாமதமாகும். ஒட்டில் சீழ் பிடிக்கவும் கூடும். புகைபிடிப்போருக்கு ஈற்றின் இரத்த ஓட்டம் குன்றுவதால், பந்தல் இருந்தும் கொடி ஏறுவதில்லை. வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கமுள்ள தாய்மார் இதைத் தங்களுக்குச் சொன்னதாகவே கொள்ள வேண்டும். எலும்புத் தேய்வுக்காகவோ, புற்றுநோய் எலும்புக்குப் பரவியதற்காகவோ சில மருந்துகளை உண்போருக்குப் பல் எடுத்தபின் தாடையெலும்பே பட்டுப்போகக் கூடும் என்பது 2003 முதல் அறியப்பட்டிருக்கிறது. அம்மருந்தின் சீட்டைக் கையோடு கொண்டு போகவேண்டும். கழுத்திலோ தாடையிலோ கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும் அவ்வாறே அதைச் சொல்லியாக வேண்டும்.

ஒட்டு வைத்தபின் பற்குழியில் எலும்பு முதிர 4 முதல் 6 மாதங்கள் ஆகலாம். மேல்தாடையின் பின்புறத்தில், கன்னத்துக் காற்றறையின் அடித்தளத்தை உயர்த்தி வைத்தால் 9 மாதங்கள்வரை செல்லும். அதுவரை தற்காலிகப் பல் செட்டு அவ்விடத்தை அழுத்தாதபடி உட்புறத்தைத் தேய்த்துத் தரச்சொல்ல வேண்டும். தையல் பிரிக்கும்வரை தூரிகையை அங்கே கொண்டுபோகாமல், மருத்துவர் தரும் நீரால் மெல்லக் கொப்பளித்தால் போதும். தூளின் சில மணிகள் முதல் நாட்களில் எச்சிலோடு வெளிவந்தால் அஞ்ச வேண்டியதில்லை. சவ்வு வெளியே தெரிந்தாலோ, வீக்கம் மூன்றாம் நாளுக்குப் பின்னும் ஏறிக்கொண்டே போனாலோ, அடுத்த தவணை நாளுக்காகக் காத்திராமல் அன்றே போய்க் காட்டவேண்டும்.