ஒரே எஞ்சின்... அதுவும் நின்றுவிட்டால்?

பிலாட்டஸ் பி.சி-12 விமானத்தின் சிமுலேட்டருக்குள் எட்டிப் பார்ப்போமா? சுவிட்சர்லாந்துத் தயாரிப்பு. மூக்கில் ஒரே ஒரு டர்போப்ராப் எஞ்சின். திரையில் 30,000 அடி உயரம், கீழே வெள்ளை வெளேரென்று மேகம். பின்னால் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் சத்தமில்லாமல் ஒரு பொத்தானைத் தட்டுகிறார். எஞ்சினின் முறுக்குவிசையான டார்க் சரசரவென்று சரிகிறது. எஞ்சின் அவுட்!

விமானி பதறுவார் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! மூக்கைச் சரிசெய்து வேகத்தை 110 நாட் அளவுக்குக் கொண்டுவருகிறார். அடுத்து, எரிபொருளை நிறுத்தி ப்ரொப்பல்லரைத் திருப்பிவிடும் கண்டிஷன் லீவரைக் கடைசிவரை பின்னுக்கு இழுக்கிறார். இங்கேதான் ஒரு மாயம்!

ஓடும் பஸ்ஸின் ஜன்னலில் உள்ளங்கையை விரித்துக் காட்டினால் காற்று பின்னுக்குத் தள்ளும். கையைப் பக்கவாட்டில் திருப்பினால் வழுக்கிக்கொண்டு போகும். ப்ரொப்பல்லர் பிளேடுகளும் அப்படியே திரும்பிக்கொள்கின்றன. இதற்குப் பெயர் 'ஃபெதர்'. இந்த விமானத்தில் இருக்கும் பி.டி.6 எஞ்சினில் பிளேடுகளைத் திருப்பிப் பிடித்திருப்பது ஆயில் அழுத்தம். அது போய்விட்டால் ஸ்பிரிங்கும் எதிர் எடைகளும் சேர்ந்து அவற்றைத் தாமாகவே ஃபெதருக்குத் தள்ளிவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

இனி இது ஒரு கிளைடர்! ஓர் அடி இறங்குவதற்குள் சுமார் 16 அடி முன்னே போகும். காற்று எதிர்க்காவிட்டால் 30,000 அடியிலிருந்து ஏறத்தாழ 145 கிலோமீட்டர். கையில் அரை மணி நேரம்!

அந்த அரை மணிக்குள் எத்தனை வேலைகள்! முதலில் ஆக்சிஜன் மாஸ்க். கேபினுக்குள் அழுத்தம் தருவதே எஞ்சினிலிருந்து வரும் காற்றுதான். அது நின்றதும் உள்ளே காற்று மெல்ல மெல்லக் குறையும். உயரமோ இப்போது சொத்து. அவசரமாக இறங்கிச் செலவழிக்க முடியாது. மின்சாரத்துக்குப் பாட்டரி மட்டுமே, ஆகவே தேவையில்லாததையெல்லாம் அணைக்க வேண்டும். எஞ்சின் உடைந்ததா, எரிபொருள்தான் வரவில்லையா? உடைந்திருந்தால் தொடக்கூடாது. எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவி மட்டும் மக்கர் செய்து எஞ்சின் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த ஓட்டத்தில், தேங்கியிருந்தால், மேனுவல் ஓவர்ரைடு லீவர் இருக்கிறது. விமானியே கையால் எரிபொருளை அளந்து கொடுக்கலாம்!

ஓடுபாதைக்கு மேலே வந்ததும் வட்டமடித்து உயரத்தைக் கரைக்கிறார். சக்கரங்களை இறக்குவதைத் தள்ளிப்போடுகிறார். அவை வெளியே நீட்டியிருந்தால் காற்று விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். ஓடுபாதையை எட்டிவிடுவோம் என்பது உறுதியான பிறகே அவை வெளியே வரலாம்.

கீழே கடல் மட்டும்தான் என்றால்? 2020 நவம்பரில் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குப் போன ஒரு பி.சி-12, நடுப் பசிபிக்கில் எஞ்சின் நின்று தண்ணீரில் இறங்கியது. காற்றடைத்த படகில் மிதந்த இரு விமானிகளையும் ஓர் எண்ணெய்க் கப்பல் வந்து மீட்டது. இருவரும் உயிர் பிழைத்தார்கள்!

மிகக் கடினமான கேள்வி தரைக்குப் பக்கத்தில் காத்திருக்கிறது. மேலெழும்பிய சில நொடிகளில் எஞ்சின் நின்றால் ஓடுபாதைக்குத் திரும்பலாமா? அந்த நேரத்தில் யோசிக்க அவகாசமே கிடையாது. அதனால் கிளம்பும் முன்பே உரக்கச் சொல்லிக்கொள்கிறார்கள்: "இந்த உயரத்துக்குக் கீழே நின்றால் நேராக முன்னால் இறங்குவேன், மேலே என்றால்தான் திரும்புவேன்." ஒவ்வொரு முறையும், பழுதே இல்லாத நாளிலும்! விடையை முதலில் சொல்லி முடித்துவிட்டு, அப்புறம்தான் பவர் லீவரில் கை வைக்கிறார்கள்!