ஆடுபுலி ஆட்டத்துக்கு கோட் எழுதப் போய்...

போன மாசம் ஆபீஸ் முடிஞ்சு பெரியார் பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போது ஒரு பாட்காஸ்ட் கேட்டுட்டு இருந்தேன். செக்கர்ஸ் ஆட்டத்தை கம்ப்யூட்டரால் முழுசா 'தீர்த்த' கதை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஷாஃபர் 1989-ல் ஆரம்பிச்சு 2007-ல் முடித்த வேலை அது. ரெண்டு பக்கமும் தப்பே செய்யாம ஆடினா ஆட்டம் டிரா என்பதுதான் கிடைத்த விடை. பஸ் வர்றதுக்குள்ள எனக்கு ஒரு கேள்வி வந்துருச்சு: நம்ம ஆடுபுலி ஆட்டத்தைத் தீர்த்தா யாரு ஜெயிப்பா, ஆடா புலியா?

முதல்ல பலகையை எண்ணுவோம்

ஆடாதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். மலை மாதிரி ஒரு உச்சிப் புள்ளி. அதிலிருந்து கீழே இறங்கும் நாலு கோடு. அந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டும் ஒரு செவ்வகக் கட்டம். உச்சியில் 1 புள்ளி, நடுவில் மூணு வரிசையில் ஆறாறாக 18, அடியில் 4. மொத்தம் 23. புலி 3, ஆடு 15. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கணும். எல்லாம் இறங்கின பிறகுதான் ஆடு நகரலாம். பக்கத்தில் இருக்கும் ஆட்டைத் தாண்டி அதே கோட்டில் காலி இடம் இருந்தா புலி தாவி வெட்டும். மூணு புலியும் நகர முடியாதபடி கட்டிப்போட்டா ஆடு ஜெயம்.

இனி கணக்கு. 23 புள்ளியில் 3 புலிகளை 1,771 விதமா வைக்கலாம். மிச்சம் 20 புள்ளியில் 15 ஆடுகளை 15,504 விதமா வைக்கலாம். ரெண்டையும் பெருக்கினா 2,74,57,584. வெட்டுப்பட்டு 14 ஆடு, 13 ஆடு என்று குறைந்துகொண்டே வரும் நிலைகளையும் கூட்டினா சுமார் 184 கோடி. பெருசாத்தான் தெரியும். ஆனா ஒரு நிலைக்கு 'ஆடு ஜெயம், புலி ஜெயம், டிரா' என்று குறிக்க ரெண்டு பிட் போதும். அடுத்து யார் முறை என்பதையும் சேர்த்துப் பார்த்தாலும் 1 ஜிபிக்குள் அடங்கிவிடும். ஆடு இறக்கும் கட்டத்துக்குக் கையில் இன்னும் எத்தனை ஆடு இருக்குன்னு தனியா கணக்கு வைக்கணும். அதையும் சேர்த்து என் பழைய லேப்டாப்பே சமாளிக்கும்.

செய்முறையும் புரியாத வித்தை இல்லை. முடிவிலிருந்து பின்னாடி போகணும். புலி மூணும் கட்டுப்பட்ட நிலைகளை எல்லாம் 'ஆடு ஜெயம்' என்று குறிக்கணும். ஆட்டின் முறையில் அங்கே போய்ச் சேர ஒரு வழி இருந்தாலும் அந்த முந்தைய நிலையும் ஆடு ஜெயம். புலியின் முறையா இருந்தா, எந்தப் பக்கம் போனாலும் ஆடு ஜெயத்தில்தான் முடியும் என்றால் மட்டும் அப்படிக் குறிக்கணும். புலி ஜெயத்துக்கும் இதே மாதிரிதான். இப்படியே பின்னாடி போய், கடைசி வரை குறி விழாம மிஞ்சுறது எல்லாம் டிரா.

நேபாளத்தில் நம்ம ஆட்டத்தோட பங்காளி ஒண்ணு இருக்கு, பாக் சால். 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. லிம் யூ ஜின், யுர்க் நீவர்கெல்ட் இருவரும் அதை ஆராய்ஞ்சு, சரியா ஆடினா டிராதான் என்று காட்டியிருக்காங்க. நம்மளதும் ரெண்டு வார வேலைன்னு நினைச்சேன்.

எந்த விதி?

எங்க அப்பத்தா சொல்லிக்கொடுத்த விதிப்படிதான் எழுதினேன். உச்சியில் ஒரு புலி, அதுக்குக் கீழே ரெண்டு. வெட்ட வழி இருந்தா கட்டாயம் வெட்டணும். "வெட்டாம போனா அது என்னடா புலி?" என்று கேக்கும் அப்பத்தா.

மதுரையில் ஒரு சனிக்கிழமை டெக் மீட்டப்பில் இதைக் காட்டினேன். இருபது பேர் இருந்திருப்போம். நான் அல்காரிதம் பத்திக் கேள்வி வரும்னு எதிர்பார்த்தேன். முதல் கை தூக்கினவர் மேலூர்ப் பக்கம். "ப்ரோ, எங்க வீட்ல புலியையும் ஒண்ணொண்ணாத்தான் வைப்போம். நீங்க மூணையும் முதல்லயே வச்சிட்டீங்க." இன்னொருத்தர், "வெட்டுறது புலியோட இஷ்டம்ங்க, கட்டாயம் கிடையாது." அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பிச்சாங்க. ஒரே மூச்சில் ரெண்டு ஆடு வெட்டலாமா? எத்தனை ஆடு போனா ஆட்டம் முடிஞ்சது? அஞ்சா, ஆறா, பத்தா?

இதெல்லாம் சில்லறை விஷயம் இல்லை. வெட்டுறது கட்டாயம் என்றால் ஒரு ஆட்டைப் பலி கொடுத்துப் புலியை இழுத்து மூலையில் மாட்டிவிடலாம். இஷ்டம் என்றால் அந்த தந்திரமே செத்துப்போச்சு. கோடில் ஒரே ஒரு வரி மாற்றம்தான், ஆனா 184 கோடி நிலைக்கும் விடையைத் திரும்பக் கணக்குப் போடணும். அப்போ 'ஆடுபுலியைத் தீர்த்துட்டேன்' என்று நான் சொன்னா எதைத் தீர்த்தேன்? எங்க அப்பத்தா வீட்டுத் திண்ணையை மட்டும்தான்.

கீழடியில் கிடைக்காதது

மீட்டப் முடிஞ்ச மறுநாள் கீழடி போனேன். மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர்தான். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம். அகழாய்வில் கிடைத்த விளையாட்டுப் பொருள்களில் சுடுமண் ஆட்டக்காய், பானை ஓட்டை வட்டமாத் தேய்ச்சு எடுத்த சில்லு, பகடை எல்லாம் உண்டு. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் காய் காயாவே இருக்கு. ஆனா அந்தக் காயை எந்தக் கட்டத்தில் வச்சாங்க, எப்போ வெட்டினாங்க, யார் ஜெயிச்சாங்க? அது கிடைக்கல, கிடைக்கவும் கிடைக்காது. காய் மண்ணில் மிஞ்சும். விதி ஆடுறவங்க வாயில்தான் இருக்கு. அவங்க போனா அதுவும் போச்சு.

கோயில் மண்டபத் தரைகளில் செதுக்கின கட்டங்களும் அப்படித்தான். பலகை இருக்கு, சொல்லித்தர ஆள் வேணும். கம்ப்யூட்டர் இதில் ஒரு ஆபத்தையும் சேர்க்குது. ஒரு ஆப் பிரபலமானா அதில் உள்ள விதியே 'சரியான விதி' ஆயிடும். அடுத்த தலைமுறைப் பையன் அப்பத்தாவைப் பார்த்து "நீங்க தப்பா ஆடுறீங்க" என்பான். அந்த ஆப்பை எழுதுறவன் நானா இருக்கக் கூடாது.

அதனால் ரெண்டு மாற்றம் செஞ்சேன். ஒண்ணு, விதிகளை கோடுக்குள்ள புதைக்காம தனி கான்ஃபிக் ஃபைலில் வச்சேன். எந்த ஊர் விதியானாலும் அங்கே எழுதினா போதும், புரோகிராம் அதன்படி கணக்குப் போடும். ரெண்டாவது, ஃபோனை எடுத்துட்டுப் போய்ப் பெரியவங்க சொல்ற விதியை அவங்க குரலிலேயே பதிவு பண்றேன். இதைப் பாட்காஸ்ட்டா வெளியிடுறதுக்குப் பெரிய செலவும் இல்லை. ஆடியோ ஃபைல்களும், அவற்றின் முகவரியைப் பட்டியல் போடும் ஒரு ஆர்எஸ்எஸ் ஃபைலும் இருந்தா போதும். அது வெறும் எழுத்து ஃபைல்தான். எந்த கம்பெனி மூடினாலும் வேற இடத்தில் தூக்கி வச்சுக்கலாம்.

முதல் பதிவு அப்பத்தாவோடது. பதினோரு நிமிஷம். நடுவுல நான், "புலி முன்னும் பின்னும் நகர்ந்துக்கிட்டே இருந்தா ஆட்டம் எப்போ முடியும் அப்பத்தா?" என்று கேட்டேன். என் புரோகிராம் மாட்டிக்கிட்டு முழிச்ச இடம் அது.

"மாடு வந்துரும்ல, அப்போ எந்திரிச்சுருவோம்" என்றது.

இதை கான்ஃபிக் ஃபைலில் எப்படி எழுதுறதுன்னுதான் இன்னும் யோசிச்சுட்டு இருக்கேன். உங்க வீட்டுல வெட்டுறது கட்டாயமா, இஷ்டமா? தெரியலைன்னா, கேக்குறதுக்கு ஆள் இருக்கும்போதே கேட்டு வச்சுக்கோங்க.