நின்றபடி எடுக்கும் படம்: முதுகெலும்புக்கும் மூட்டுக்கும் குறைந்த கதிர்வீச்சு எக்ஸ்ரே

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். வளைவு 10 பாகை அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அந்தப் பெயரைச் சொல்வார்கள். பிள்ளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்போது வளைவு 25 பாகையைத் தாண்டினால் பிரேஸ் என்னும் தாங்குசட்டம் அணிவிக்கலாம். 50 பாகையை எட்டிவிட்டால் பேச்சு அறுவைசிகிச்சையில்தான் போய் நிற்கும். நடுவில் கிடைக்கும் அவகாசம் ஓரிரு ஆண்டுகள். அதை எண்ணெய் தேய்ப்பதிலும் சுளுக்கு வழிப்பதிலும் செலவழித்துவிட்டு, வளர்ச்சி நிற்கும் தறுவாயில் அழைத்துவரப்படும் பெண் பிள்ளைகள் பலர்.

தாமதத்துக்குப் பெற்றோர் சொல்லும் காரணங்களில் ஒன்று, “அடிக்கடி எக்ஸ்ரே எடுத்தால் பிள்ளைக்கு ஆகாது” என்பது.

அந்தப் பயம் வந்த வழி

பயத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஸ்கோலியோசிஸுக்காகச் சிறுவயதில் பலமுறை எக்ஸ்ரே எடுக்கப்பட்ட 5,573 அமெரிக்கப் பெண்களைப் பற்றிய ஆய்வு 2000-இல் வெளியானது. ஒருவருக்குச் சராசரியாக 25 படங்கள். மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் அவர்களிடையே எதிர்பார்த்ததைவிட சுமார் 70 சதவீதம் அதிகம். ஆனால் அவை இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியையும் நடுப்பகுதியையும் சேர்ந்த படங்கள். அன்றைய கருவிகள் உமிழ்ந்த கதிர்வீச்சு இன்றையதைவிட மிக அதிகம். இன்று பெண் பிள்ளைகளுக்கு முதுகுப் பக்கமிருந்து கதிர் செலுத்தி எடுப்பதாலேயே மார்பகத்தில் படும் அளவு வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

கருவி செய்வது என்ன

கதிர்வீச்சை இன்னும் குறைக்கும் ஈஓஎஸ் என்ற எக்ஸ்ரே கருவியின் வேர், ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அங்கே 1968-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஜார்ஜ் ஷார்பாக் உருவாக்கிய துகள் உணர்கருவிக்காக அவருக்கு 1992-இல் நோபல் பரிசு கிடைத்தது. மிகக் குறைந்த கதிரையும் பதிவு செய்துகொள்ளும் அந்த நுட்பமே எலும்புப் படத்துக்கு வந்தது.

தலைமுடியைத் தூக்கிக் கட்டி, வெறுங்காலோடு, தொலைபேசிக் கூண்டு போன்ற ஒரு சட்டத்துக்குள் பிள்ளை நிற்கிறாள். கைகளை மடக்கி விரல்களைக் கன்னத்து எலும்பில் வைத்துக்கொள்கிறாள். முன்-பின் திசையில் ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இரண்டு மெல்லிய கதிர்க்கீற்றுகள் மேலிருந்து கீழே ஒரே சமயத்தில் இறங்குகின்றன. சில விநாடிகளில் முடிந்துவிடும். அதற்குள் அசைந்தால் படம் கோணலாகும்.

நிற்பதில்தான் இந்தப் படத்தின் உயிர் இருக்கிறது. படுத்தால் முதுகு வளைவு குறைந்து தெரியும். முழங்கால் மூட்டும் அப்படித்தான்: படுத்து எடுத்த படத்தில் இடைவெளி தாராளமாகத் தெரியும், எழுந்து நின்று உடல் எடை இறங்கியதும் தேய்ந்த பக்கத்தில் எலும்போடு எலும்பு ஒட்டி நிற்கும். கால் நீள வித்தியாசமும் இடுப்புச் சாய்வும் தலை முதல் பாதம் வரை ஒரே படத்தில் தெரிந்துவிடும்.

கருவி விலை உயர்ந்தது, எல்லா ஊரிலும் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் நின்றபடி எடுக்கும் சாதாரண டிஜிட்டல் எக்ஸ்ரே போதும். ஈஓஎஸ் கருவிக்காகக் காத்திருந்து மாதங்களை இழக்கக் கூடாது.

தவறான நம்பிக்கைகள்

“ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும்.” தெரியாது. நின்றபடி எடுக்கும் இந்த எக்ஸ்ரே படத்தில் டிஸ்க்கும் நரம்பும் தெரியாது, அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும், அதில் எக்ஸ்ரே கதிர்வீச்சே இல்லை. அதற்காக நான்கு நாள் இடுப்பு வலிக்கு மருத்துவர் சீட்டு இல்லாமல் நேரே ஸ்கேன் சென்டருக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவதில் பயனில்லை. வலியே இல்லாதவர்களை எடுத்துப் பார்த்தாலும் 20 வயதில் 37 சதவீதம் பேருக்கும், 50 வயதில் 80 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிகிறது. அறிக்கையில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று படித்ததும் ஜவ்வு விலகிவிட்டதென்று முடிவுகட்டி, குனிவதையும் நடப்பதையும் நிறுத்திவிடுகிறார்கள். வலியைக் கூட்டுவது அப்படி முடங்கிக் கிடப்பதுதான்.

“வலி இல்லை, அதனால் நோய் இல்லை.” வளரும் பிள்ளைகளின் முதுகு வளைவு பெரும்பாலும் வலிக்காது. வலிக்கட்டும் என்று காத்திருந்ததாலேயே பிரேஸ் காலம் கடந்துபோனவர்கள் ஏராளம்.

“பள்ளிப் பையால் வளைந்துவிட்டது.” கனமான பை முதுகை வலிக்க வைக்கலாம், ஸ்கோலியோசிஸை உண்டாக்காது. பையை மாற்றிவிட்டுப் படம் எடுக்காமல் இருப்பது வைத்தியமாகாது.

“கம்பியில் தொங்கினால் நிமிரும், பிடித்து இழுத்தால் சரியாகும்.” தொங்குவதால் வளைவு நிரந்தரமாகக் குறையாது. இழுப்பது ஆபத்தானது. இந்தியாவில் முதுகெலும்புக் காசநோய் அரிதல்ல. அரித்துப்போன எலும்பை அழுத்தி இழுத்தால் தண்டுவடம் நசுங்கலாம்.

“மெடிக்கலில் சொன்னால் மாத்திரை தருவார்கள்.” மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்தில் சேதத்தையும் உண்டாக்கும். பெயர் தெரியாத மூட்டுவலிப் பொடி மூன்றே நாளில் வலியை முற்றிலும் நிறுத்தினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். ஸ்டீராய்டு நாளடைவில் எலும்பையே பொடியாக்கும். நோய் இன்னதென்று தெரியாமல் வலியை மட்டும் அடக்குவது நோய்க்கு அவகாசம் கொடுப்பது. இதை எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறுவதில்லை.

ஒரு நாளும் தள்ளக் கூடாதவை

சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், காலில் பலமிழப்பு: இவற்றுக்கு அன்றைக்கே மருத்துவமனை. காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாத எடைக்குறைவு, இரவில் எழுப்பும் வலி, முன்பு புற்றுநோய் வந்திருத்தல் ஆகியவற்றிலும் காத்திருக்கக் கூடாது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

பத்து வயதைத் தாண்டிய பிள்ளையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கால்களைச் சேர்த்து நிற்கவைத்து முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்க விலா மேடு தட்டி நின்றால், ஒரு தோள்பட்டை உயர்ந்திருந்தால், பாவாடை ஒருபக்கம் இறங்கினால் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். காலத்தில் கண்டால் பிரேஸ் பலன் தரும்: 2013-இல் வெளியான ஆய்வில் பிரேஸ் அணிந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு அறுவைசிகிச்சை அளவை எட்டவில்லை, அணியாதவர்களில் 48 சதவீதம். ஒரு நாளைக்கு 18 மணி நேரம் அணியவேண்டிய சட்டம் அது, பிள்ளை அழுவாள், கழற்றி எறிவாள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

பழைய படங்களையும் தூக்கி எறியாதீர்கள். போன வருடத்துப் படம் கையில் இருந்தால் வளைவு எத்தனை பாகை கூடியது என்று உடனே அளந்துவிடலாம். இல்லாவிட்டால் இன்று எடுப்பதை முதல் படமாக வைத்து, சில மாதம் கழித்து இன்னொன்று எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.